லாப்ரடாரை விமானத்தின் சரக்குப் பகுதியில் அனுப்பும்போது தூக்க மருந்து கொடுக்கலாமா? கூண்டு என்ன அளவில் வேண்டும்?

தூக்க மருந்து வேண்டாம். அது இரத்த அழுத்தத்தைக் குறைக்கும், உடல் சூட்டைச் சீராக வைத்துக்கொள்ளும் திறனையும் கெடுக்கும். விமானம் குலுங்கும்போது நாயால் கால் ஊன்றி நிற்க முடியாது. மயக்கத்தில் இருப்பது தெரிந்தால் பல நிறுவனங்கள் ஏற்றவே மறுத்துவிடும்.

கவனம் முழுக்கக் கூண்டில் இருக்கட்டும். பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் விதிப்படி, நாயை நிற்கவைத்து அளவெடுங்கள். மூக்கு நுனியிலிருந்து வாலின் அடி வரை 90 செ.மீ., தரையிலிருந்து முன்னங்கால் முழங்கை வரை 30 செ.மீ. என்றால், உள்நீளம் 90-உடன் 30-இல் பாதி, அதாவது 105 செ.மீ. அகலம் தோள் அகலத்தைப் போல இரு மடங்கு. உயரத்துக்குத் தலை, காது நுனி இரண்டில் எது மேலே இருக்கிறதோ அதை எடுத்து, விரிப்பின் தடிமனையும் கூட்டிக்கொள்ளுங்கள். கடையில் பிளாஸ்டிக் கிளிப்போடு தருவார்கள். தூக்கி இறக்கும்போது மேல்பாதி கழன்றுவிடும். கிளிப்பைக் கழற்றிவிட்டு இரும்பு போல்ட்-நட் போடுங்கள். சக்கரம் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

மூன்று நான்கு வாரம் முன்பே கூண்டை வீட்டில் வைத்து உள்ளேயே சாப்பாடு போடுங்கள். புதுக் கூண்டைப் பார்த்து மிரளும் நாய், கதவைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். பயணத்தன்று நான்கு முதல் ஆறு மணி நேரம் முன்பு லேசான உணவு போதும். கதவில் மாட்டும் கிண்ணத்தில் முதல்நாள் இரவே தண்ணீரை உறையவைத்தால், ஏற்றும்போது சிந்தாது, மெல்ல உருகும்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசிப் புத்தகமும் கால்நடை மருத்துவரின் பயணத் தகுதிச் சான்றும் கட்டாயம். சான்று எத்தனை நாள் செல்லும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், டிக்கெட் போடும்போதே கேளுங்கள். கோடையில் விடியற்காலை விமானமே நல்லது.