கிலோவை கிராமாக்கினால் பின்னம் போய்விடும்

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். சமன்பாட்டில் பின்னம் வந்தாலே விடை தப்பாகிறது. அவள் போட்ட தாளை இணைத்துள்ளேன். எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
– ஒரு வாசகி, சூரமங்கலம், சேலம்

பதில்: தாளைப் பார்த்தேன் அம்மா. பாப்பாவுக்குப் பின்னம் நன்றாகவே வருகிறது. சறுக்குவது வேறு இடத்தில். அவள் போட்ட கணக்கு இது (தெரியாத எண்ணை 'ம' என்கிறேன்):

ம/2 − (ம − 3)/5 = 3

உழவர் சந்தையில் கால் கிலோ, முக்கால் கிலோ என்று வாங்கியதைக் கூட்டும்போது என்ன செய்கிறீர்கள்? 250, 750 என்று கிராமாக்கிவிடுகிறீர்கள். பின்னம் போய்விட்டது! இங்கேயும் அதேதான். 2, 5 இரண்டின் மீச்சிறு பொது மடங்கு 10. எல்லா உறுப்பையும் பத்தால் பெருக்க வேண்டும்.

பாப்பா இடப்பக்கத்தை மட்டும் பெருக்கிவிட்டு, வலப்பக்கம் 3 என்றே விட்டிருக்கிறாள். மற்றதையெல்லாம் கிராமாக்கிவிட்டு, 3 கிலோவை மட்டும் 3 கிராம் என்று எழுதியது போல. அங்கே 30 வரவேண்டும்.

அடுத்ததுதான் பெரிய சங்கடம். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் இதில் விழுவார்கள். பின்னக் கோடே ஓர் அடைப்புக்குறி மாதிரி. கோட்டை எடுக்கும்போது தொகுதிக்கு (கோட்டுக்கு மேலே இருப்பதற்கு) அடைப்புக்குறி போட்டே ஆகவேண்டும்:

5ம − 2(ம − 3) = 30

முன்னால் கழித்தல் குறி இருப்பதால் −2 × −3 = +6. ஆக, 5ம − 2ம + 6 = 30; 3ம = 24; ம = 8. மூலக் கணக்கிலேயே போட்டுப் பாருங்கள்: 4 − 1 = 3.

'குறுக்குப் பெருக்கல்' என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இருபுறமும் ஒவ்வொரு பின்னம் மட்டும் இருந்தால்தான் அது நேராகச் செல்லும். இந்த மாதிரிக் கணக்குக்கு வேண்டாம். கொஞ்ச நாள் மறக்கச் சொல்லுங்கள்.

இன்று இரவு இதைக் கொடுங்கள்:

ம/4 − (ம − 2)/6 = 2

பன்னிரண்டால் பெருக்கலாம். 24 என்று எடுத்தாலும் தப்பில்லை, எண்கள்தான் பெரிதாகும். விடை 20. அவளுக்கு 26 வந்தால் அடைப்புக்குறியை விட்டிருக்கிறாள். 28 வந்தால் அடைப்புக்குறியை நீக்கும்போது குறியை மாற்ற மறந்திருக்கிறாள். −2 வந்தால் வலப்பக்க 2-ஐப் பெருக்க மறந்திருக்கிறாள்.