100 எம்பிபிஎஸ் இருந்தும் டிரேடிங் விலை உறைந்து நிற்கிறது, 300-க்கு மாறினால் சரியாகுமா?

வீட்டு பிராட்பேண்டில் 100 எம்பிபிஎஸ் பிளான், வீடியோவெல்லாம் நன்றாக ஓடுகிறது, ஆனால் டிரேடிங் டெர்மினலில் மட்டும் விலை அவ்வப்போது நின்றுவிடுகிறது, பெரிய பிளானுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறாதீர்கள். நான் மாறிப் பார்த்து ஏமாந்தவன்.

ஒரு டிக், அதாவது ஒரு விலை மாற்றத்தைச் சொல்லும் தகவல், நாலைந்து எண்கள்தான்: விலை, அளவு, நேரம், அவ்வளவுதான். ஐம்பது பங்குகளை வாட்ச்லிஸ்டில் போட்டு வைத்தாலும் ஒரு வீடியோவுக்கு ஆகும் டேட்டாவில் சிறு பங்குகூட ஆகாது. வீடியோ தன் அடுத்த சில நொடிகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். நடுவில் லைன் தடுமாறினால் நமக்குத் தெரியவே தெரியாது. இன்னும் நடக்காத வியாபாரத்தின் விலையை அப்படி யார் இறக்கி வைப்பது? ஆகவே "படம் ஓடுகிறதே சார், நெட் நன்றாகத்தானே இருக்கிறது" என்று கஸ்டமர் கேரில் சொன்னால் அது பொய்யில்லை, ஆனால் உங்களுக்கு உதவாது.

பெரும்பாலான டெர்மினல்களுக்கு விலை வருவது டிசிபி (தரவு விடுபடாமல், வரிசை மாறாமல் சேர்க்கும் இணைய முறை) இணைப்பில், பல நேரம் அதன்மேல் எப்போதும் திறந்தே இருக்கும் வெப்சாக்கெட் என்ற வழியாக. டிசிபிக்கு வரிசை தப்பக்கூடாது. ஒரு பாக்கெட் (தரவின் ஒரு துண்டு) வழியில் தொலைந்தால், பின்னால் வந்தவை உங்கள் கணினிக்குள்ளேயே வந்து காத்திருந்தாலும், தொலைந்தது திரும்ப வரும்வரை டெர்மினலுக்குக் கொடுக்காது. மறுபடி அனுப்பியதும் தொலைந்தால் அடுத்த முயற்சிக்கான காத்திருப்பு இரட்டிப்பாகும். சார்ட் சிலை மாதிரி நின்றுவிட்டு, பிறகு மடை திறந்ததுபோல் மொத்தமாகக் கொட்டுகிறதே, அது இதுதான். (எக்ஸ்சேஞ்சுகள் பல, தங்கள் உறுப்பினர்களுக்கு ஒரே தரவை இரண்டு தனிப் பாதைகளில், வரிசை எண் போட்டு, தொலைந்ததற்காகக் காத்திருக்காத யூடிபி முறையில் அனுப்புகின்றன. ஒன்றில் விட்டது மற்றதில் கிடைக்கும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.)

லைன் சுத்தமாகப் போய்விட்டால்கூடப் பரவாயில்லை, சிவப்பு விளக்கு எரியும். பாதி செத்த இணைப்புதான் ஆளைக் கவிழ்க்கும். ஒரு நாள் மதியம் நான் வைத்திருந்த பங்கு 412.35-ல் நின்றது. மூலையில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டுதான் இருந்தது. மார்க்கெட் தூங்குகிறது என்று நினைத்தேன். அரை நிமிடம் பார்த்துவிட்டு மார்க்கெட் ஆர்டரில், அதாவது அப்போது கிடைக்கும் விலைக்கு, விற்றேன், 409.10-க்குப் போனது. விலை வரும் இணைப்பு செத்திருந்தது. ஆர்டர் போவதோ தனி இணைப்பு, அது புதிதாகத் திறந்து ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டது!

ரவுட்டர் ஒரு நொடி அறுந்து புது ஐபி முகவரியோடு திரும்பி வந்தாலோ, பழைய இணைப்பைத் தன் பட்டியலிலிருந்து மறந்துவிட்டாலோ இப்படி ஆகும். அந்தப் பக்கத்துக்கும் தெரியாது, இந்தப் பக்கத்துக்கும் தெரியாது. நீங்களே நிரல் எழுதுகிறவராக இருந்தால், சில நொடிக்கொரு முறை பிங் ("இருக்கிறாயா" என்று கேட்கும் சிறு செய்தி) அனுப்பி, பதில் வராவிட்டால் இணைப்பை மூடிப் புதிதாகத் திறக்க வையுங்கள். இல்லாவிட்டால் வாட்ச்லிஸ்டில் கடைசி வியாபார நேரம் காட்டும் பத்தியை (column) சேர்த்து, ஓயாமல் வியாபாரமாகும் ஒரு பங்கை மேலே வையுங்கள். அது ஐந்து நொடி அசையவில்லை என்றால் மார்க்கெட் தூங்கவில்லை, உங்கள் லைன்தான்.

சரி, கோளாறு எங்கே? இரண்டு விண்டோ திறந்து, ஒன்றில் ரவுட்டருக்கும் இன்னொன்றில் வெளியே ஒரு சர்வருக்கும் நாள் முழுக்க பிங் ஓட விடுங்கள். ரவுட்டருக்கான பிங்கே தடுமாறினால் குற்றவாளி உங்கள் வைஃபை. முதலில் லேன் கேபிள் போடுங்கள், பாதிப் புகார் அதிலேயே தீரும். 2.4 கிகாஹெர்ட்ஸில் மைக்ரோவேவ் அடுப்பு ஓடினாலே இரைச்சல். 5 கிகாஹெர்ட்ஸிலும் சில சேனல்களை ரேடாரும் பயன்படுத்துகிறது. அதன் சாயல் தெரிந்தால் ரவுட்டர் உடனே அந்தச் சேனலைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. போகிற இடமும் அதே வகைச் சேனல் என்றால் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் பேசலாம். மார்க்கெட்டில் ஒரு நிமிடம்!

எனக்கு ரவுட்டர் பிங் சுத்தமாக இருந்தது. வெளி பிங் 20 மில்லிசெகண்டிலிருந்து திடீரென்று 800-க்கு ஏறும், பத்து நிமிடம் கழித்து இறங்கும். மூன்று மாதம் இணைப்புக் கொடுத்தவர்களோடு சண்டை போட்டேன். கடைசியில் பார்த்தால் வீட்டில் ஒரு போன், சார்ஜில் போட்டதும் போட்டோக்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்தது. அப்லோட் நிரம்பியதும் ரவுட்டர் பாக்கெட்டுகளை நீண்ட வரிசையில் நிறுத்திவிடுகிறது. விலை வந்ததற்கான ஒப்புகையும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். இதற்கு ஜிம் கெட்டிஸ் என்ற கணினி வல்லுநர் வைத்த பெயர் பஃபர்புளோட். கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-ல் இதற்கு கோடெல் என்ற தீர்வை வெளியிட்டார்கள். ரவுட்டரில் எஸ்க்யூஎம் (இந்த வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும்) வசதி இருந்தால் அதை இயக்கி, அப்லோட் வரம்பை உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். எனக்கு 800 என்பது 30-க்குள் வந்துவிட்டது, பிளானை மறுபடி மாற்றாமலேயே. ரவுட்டரில் அந்த வசதி இல்லையென்றால் சந்தை நேரத்தில் பேக்கப்பை நிறுத்தி வையுங்கள்.

இரண்டுமே இல்லை, லைனே மோசம் என்றால் அந்த பிங் பதிவை நேரத்தோடு சேமித்துப் புகாரோடு கொடுங்கள். "ஸ்லோவாக இருக்கிறது" என்று சொல்வதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

போன் ஹாட்ஸ்பாட்டை மாற்று ஏற்பாடாக வைக்கலாம். ஆனால் மாறும்போது ஐபி மாறும், ஓடிக்கொண்டிருந்த இணைப்பு அறும், சில டெர்மினல்களில் மறுபடி லாகின் செய்ய வேண்டும். அந்தச் சில நொடிகளில் உங்கள் பொசிஷனைக் காக்க வேண்டியது சர்வரில் கிடக்கும் ஸ்டாப் லாஸ், அதாவது நஷ்டம் ஓர் எல்லையைத் தொட்டால் தானாக வெளியேறும் ஆர்டர். எல்லா ஸ்டாப்பும் அங்கே கிடப்பதில்லை. மெட்டாடிரேடர் என்ற டிரேடிங் மென்பொருளில் டிரெய்லிங் ஸ்டாப் (விலை சாதகமாக நகர நகரக் கூடவே நகரும் ஸ்டாப்) உங்கள் கணினியில்தான் ஓடுகிறது. லைன் போனால் கடைசியாக எங்கே நகர்த்தியதோ அங்கேயே நின்றுவிடும். உங்கள் டெர்மினலில் எப்படி என்று புரோக்கரிடம் கேட்டுவிடுங்கள். தானாக ஆர்டர் போடும் நிரல் ஓட்டுகிறவர் என்றால் அதை வாடகை சர்வரில் வைத்துவிடுங்கள், வீட்டு நெட் வெறும் ஜன்னலாக இருக்கட்டும்.

அப்புறம், புரோக்கரின் ஆர்டர் டெஸ்க் நம்பர். ஒரு சீட்டில் எழுதி ரவுட்டர் மேலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். நெட் போனால் முதலில் முறைத்துப் பார்ப்பது அதைத்தானே.