கரப்பானில் (எக்சிமா) டீ ட்ரீ எண்ணெய் தடவி எரிச்சல் கூடினால்

எண்ணெயை இன்றே நிறுத்துங்கள். முழங்கை மடிப்புக் கரப்பானில் டீ ட்ரீ எண்ணெயை எதிலும் கலக்காமல் தடவியபின் சிவப்பும் எரிச்சலும் கூடின என்கிறீர்கள். யாரோ சொன்னதுபோல் அது "நோய் வெளியேறுவது" அல்ல. எண்ணெயே தோலைப் புண்ணாக்குகிறது.

குப்பியைத் திறந்து எத்தனை மாதம் ஆயிற்று? காற்றும் வெளிச்சமும் பட்டால் அதிலுள்ள டெர்பீன்கள் என்ற மணப்பொருள்கள் ஆக்சிஜனேற்றமடைந்து ஒவ்வாமை தூண்டும் பொருள்களாகிவிடும். ஜன்னலோரத்துப் பழைய குப்பி என்றால் இனித் தொடாதீர்கள்.

தோல் முழுதாக ஆறியபின் புதிய எண்ணெயில் ஒரு சொட்டை 5 மி.லி. தேங்காய் எண்ணெயில் கலந்து, நல்ல தோலுள்ள முன்கையில் நாணயமளவு இடத்தில் தினம் இருமுறை, ஒரு வாரம் தடவிப் பாருங்கள். ஒவ்வாமை அரிப்பு இரண்டு மூன்று நாள் கழித்தும் தலைகாட்டும்.

இப்போதே கொப்புளமோ நீர்க்கசிவோ இருந்தால் இந்தச் சோதனை வேண்டாம். நேரே தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். குப்பியையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.