கருங்கல்லின் வெடிப்புக்குள் நிற்கும் தண்ணீர்: கேள்வி பதில்

ஆழ்நிலத்தடி நீரின் இரசாயனத்தை ஆராயும் ஆய்வாளர் ஒருவர், கொழும்பிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

வெள்ளவத்தை: சேர், கருங்கல் என்றால் இறுகிய கல். அதற்குள் தண்ணீர் எங்கே நிற்கிறது?

கல்லில் இல்லை, கல்லின் வெடிப்பில். இலங்கையின் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நிலம் நைஸ் போன்ற பழைய உருமாறிய பாறைதான். கொழும்பில் குழி தோண்டினால் முதலில் கபுக் என்னும் செம்பாறை, அதன் கீழ் மெதுமையான உக்கிய பாறை, அதற்கும் கீழேதான் தட்டினால் 'டங்' என்று கேட்கும் கல். அந்தக் கல்லில் வெற்றிடம் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. 0.5 வீதம் என்று வையுங்கள்: ஒரு கன மீற்றர் பாறைக்குள் 5 லீற்றர். ஒரு சின்னக் கான் தண்ணீர், அவ்வளவுதான். ஆழம் கூடக் கூட மேலுள்ள பாரம் வெடிப்புகளை நெருக்கும். ஆனாலும் முற்றாக மூடிவிடாது. ரஷ்யாவின் கோலா துளை 12,262 மீற்றர் வரை போனது. பல கிலோமீற்றர் ஆழத்திலும் அங்கே தண்ணீர் தென்பட்டது.

கொட்டாஞ்சேனை: கனடாவில் 200 கோடி வருடப் பழைய தண்ணீர் எடுத்தார்களாமே, நம்பலாமா?

நம்பலாம். எண்ணின் பொருளை மட்டும் சரியாகப் பிடிக்க வேண்டும். ஒன்ராறியோவின் கிட் கிறீக் சுரங்கத்தில் 2.4 கிலோமீற்றர் ஆழத்திலிருந்து வந்த தண்ணீர் குறைந்தது 150 கோடி வருடமாவது ஒதுங்கி நின்றது என்று 2013இல் வெளியிட்டார்கள். 3 கிலோமீற்றர் ஆழத்து மாதிரிக்கு 200 கோடி என்ற எண் 2016இல் வந்தது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் பார்பரா ஷெர்வுட் லொலர் இந்த வேலையில் முக்கியமானவர். இவ்வளவு காலமாக ஒரே மழைத்துளி அங்கே காத்திருந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த நீருக்கு மேற்பரப்போடும் காற்றோடும் தொடர்பு அறுந்து சராசரியாக எவ்வளவு காலம் ஆனது என்பதையே அந்த எண் சொல்கிறது.

களனி மாணவி: காபன்-14 போதாதா, அண்ணா? ஈலியத்தை வைத்து எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

காபன்-14 கதிர்வீசி அழிந்து குறையும், அது பாதியாகும் காலம் (அரைவாழ்வு) 5,730 வருடம். ஏறத்தாழ 40,000 வருடத்துக்குப் பிறகு எண்ணுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஈலியம் எதிர்த்திசையில் போகும் மணிக்கூடு, அது குறைவதில்லை, சேரும். பாறையிலுள்ள யுரேனியமும் தோரியமும் அழியும்போது வரும் அல்பாத் துணிக்கையே ஈலியம்-4.

யுரேனியம் மில்லியனில் 3 பங்கு, தோரியம் அதன் நான்கு மடங்கு என்றால், ஒரு கிராம் பாறை வருடத்துக்கு ஏறத்தாழ 0.7 × 10⁻¹² கன சென்ரிமீற்றர் ஈலியம் தரும். அடர்த்தி 2.7, வெற்றிடம் 0.5 வீதம். வந்த ஈலியம் முழுவதும் நீருக்குள் போனால் ஒரு கன சென்ரிமீற்றர் நீருக்கு வருடத்தில் 3.8 × 10⁻¹⁰ சேரும். பத்து இலட்சம் வருடத்தில் 3.8 × 10⁻⁴. காற்றோடு சமநிலையில் உள்ள சாதாரண நீரில் இருப்பது 4.5 × 10⁻⁸ தான். எட்டாயிரம் மடங்குக்கு மேல்!

இனிப் பொறி எங்கே என்று பாருங்கள். வெற்றிடம் 0.5 அல்ல 1 வீதம் என்று மாற்றினால், அதே ஈலியத்துக்கு வயது இரட்டிப்பாகும். கீழிருந்து வேறு ஈலியம் ஊறி வந்தால் வயது பொய்யாக ஏறும், மேலே கசிந்தால் குறையும். அதனால் தனி ஈலியத்தை நான் ஏற்கமாட்டேன். நியோன்-21, பொற்றாசியம்-40 தரும் ஆகன்-40, யுரேனியம் தானாகப் பிளக்கும்போது வரும் செனன்-136 எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பாரமான செனன் எளிதில் கசியாது. ஈலிய வயது குறைவாகவும் செனன் வயது கூடவும் இருந்தால் கசிவைத்தான் முதலில் சந்தேகியுங்கள்.

மொரட்டுவை: மாதிரி எடுக்கும் முறையை ஒழுங்காகச் சொல்லித் தாருங்கள். எங்கே பிழை வரும்?

பிழையில் பாதிக்கு மேல் இங்கேதான் வரும், இயந்திரத்தில் அல்ல.

குழாய்க் கிணற்றில் நிற்கும் தண்ணீர் பாறையின் தண்ணீர் அல்ல, அதை முதலில் வெளியே தள்ளுங்கள். ஆறு அங்குலக் குழியில் ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 18 லீற்றர் நிற்கும். 100 மீற்றர் ஆழம், நீர்மட்டம் 5 மீற்றரில் என்றால் 95 × 18 = 1,710 லீற்றர். மூன்று மடங்கு இறைக்க 5,130 லீற்றர். நிமிடத்துக்கு 40 லீற்றர் தரும் மோட்டருக்கு இரண்டு மணித்தியாலம் தாண்டும். கணக்கு முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலை, பீஎச், மின்கடத்துதிறன், கரைந்த ஒட்சிசன் நான்கையும் பாருங்கள். மூன்று வாசிப்பு அடுத்தடுத்து அசையாமல் நின்ற பிறகே போத்தலைத் திறக்க வேண்டும். வாசிப்பைக் காற்றுப் புகாத, தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும் ஓட்டக் கலத்துக்குள் எடுங்கள். வாளியில் பிடித்து அளந்தால் காபனீரொட்சைட்டு பறந்து பீஎச் ஏறும், ஒட்சிசன் வாசிப்பும் பொய்யாக ஏறும்.

கல்சியம், சோடியம், இரும்பு போன்றவற்றுக்கு 0.45 மைக்ரோன் வடியில் வடித்து, தூய நைத்திரிக்கமிலம் விட்டு பீஎச்சை 2க்குக் கீழே கொண்டுவாருங்கள். குளோரைட்டு, சல்பேற்று, புளோரைட்டுக்கு வடித்தால் போதும், அமிலம் வேண்டாம். காரத்தன்மையை அங்கேயே அமிலம் விட்டு நியமித்து அளந்துவிடுங்கள். ஒட்சிசன், ஐதரசன் சமதானிகளுக்கு (ஒரே மூலகத்தின் வேறு வேறு நிறையுள்ள அணுக்கள்) 30 மில்லிலீற்றர் போத்தலைக் குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி இறுக மூடுங்கள். ஆய்வுகூட முடிவு வந்ததும் அயன்களின் நேரேற்றங்களையும் மறையேற்றங்களையும் தனித்தனியே கூட்டிப் பாருங்கள், இரண்டும் சமமாக வர வேண்டும். வித்தியாசம் 5 வீதத்தைத் தாண்டினால் கட்டுரை எழுத உட்காராதீர்கள்.

ஈலியம், நியோன் போன்ற விழுமிய வாயுக்களுக்கு மட்டும் செப்புக் குழாய். பிளாஸ்திக்குக்குள் ஈலியம் நிற்காது, கண்ணாடி வழியாகவும் மெல்லக் கசியும். குழாயின் வெளிவாயை உயர்த்திச் சரித்துப் பிடித்து, தண்ணீர் ஓடும்போதே ஸ்பானரால் மெல்லத் தட்டுங்கள். ஒட்டிய குமிழிகள் கழன்று போகும். தெளிந்த பிளாஸ்திக் ஹோஸில் குமிழி ஒன்றும் தெரியாதபோது வெளிப்பக்கக் கவ்வியை முதலில் இறுக்கி, பிறகு உள்பக்கத்தை இறுக்குங்கள். 40 மில்லிலீற்றர் மாதிரியில் ஒரு மில்லிலீற்றர் காற்று மாட்டினால், அந்தத் தண்ணீரில் இயல்பாகக் கரைந்திருக்கும் நியோனைவிட இரு மடங்குக்கு மேல் நியோன் அந்தக் காற்றிலேயே இருக்கிறது. மாதிரி போச்சு.

புதிதாகத் துளைத்த குழியென்றால் துளைக்கும் தண்ணீரில் யுரனின் சாயம் கலந்துவிடச் சொல்லுங்கள். பிறகு மாதிரியில் சாயம் எவ்வளவு என்று அளந்தால், எத்தனை வீதம் கலப்படம் என்று தெரியும்.

பம்பலப்பிட்டி: ஆழத்துத் தண்ணீர் ஏன் உப்பாகிறது? கடலா?

சில இடத்தில் கடலும் உண்டு. ஆனால் கனடாவின் மிகப் பழைய பாறை நிலமான கனேடியக் கேடயத்தில் லீற்றருக்கு 300 கிராமுக்கு மேல் உப்பு கண்டிருக்கிறார்கள். கடலில் 35 தான். சோடியத்தைவிடக் கல்சியம் முந்தி நிற்கும். பிளேஜியோகிளேஸ் கனிமம் உடைந்து கல்சியம் வெளியேறுகிறது. புதிதாக உண்டாகும் களிக் கனிமங்கள் தண்ணீரையே குடித்துவிடுகின்றன, மீதி நீர் தடிக்கிறது. குளோரைட்டு எங்கிருந்து என்பதில் இன்னும் வாதம் ஓயவில்லை.

மழைநீரின் ஐதரசன், ஒட்சிசன் சமதானிகள் வரைபடத்தில் δ²H = 8 δ¹⁸O + 10 என்ற கோட்டில் விழும் (பாரமான ஐதரசனும் ஒட்சிசனும் எவ்வளவு என்பதைக் காட்டும் எண்கள் இவை). ஆவியாகிய குளத்து நீர் அந்தக் கோட்டுக்கு வலப்பக்கம் நழுவும். இந்த ஆழ்நீர் இடப்பக்கம் மேலே நிற்கும். கிண்ணத்தில் காய்ந்து உப்பாகவில்லை, கல்லோடு பழகி உப்பானது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

மட்டக்குளி: அங்கே உயிர் இருக்குமா?

இருக்கிறது. கதிர்த்தொழிற்பாடு நீரைப் பிளந்து ஐதரசன் தருகிறது, நுண்ணுயிர் அதைத் தின்கிறது. தென்னாபிரிக்காவின் ம்போனெங் தங்கச் சுரங்கத்தில் 2.8 கிலோமீற்றரில் வாழும் டெசல்ஃபொருடிஸ் ஓடாக்ஸ்வியேற்றர் என்ற நுண்ணுயிருக்கு வெயிலும் வேண்டாம், ஒட்சிசனும் வேண்டாம்.

வத்தளை: திருகோணமலையின் கன்னியா வெந்நீர் ஊற்றுக்குக் காரணம் எரிமலையா?

இல்லை. மழைநீர் வெடிப்பு வழியே ஆழம் போய், பூமியின் சூட்டில் காய்ந்து, விரைவாக மேலே வருகிறது.

கொழும்பு 13: வவுனியாவில் அம்மா வீட்டுக் குழாய்க் கிணற்றில் புளோரைட்டு கூடவாம். கொதிக்க வைத்தால் போகுமா?

போகாது, நீர் வற்ற வற்ற இன்னும் கூடும். பயோரைற், ஹோர்ன்பிளென்ட், அபரைற் கனிமங்களிலிருந்து வருவது அது. தண்ணீரில் கல்சியம் இருந்தால் புளோரைட்டைப் பிடித்துப் படிய வைக்கும். கல்சியம் குறைந்த, சோடியம் கூடிய நீரில் தடை இல்லை. வன்னீரை மென்னீராக்கும் இயந்திரமும் உதவாது, கல்சியத்தை எடுத்துச் சோடியம் தருவது மட்டுமே அதன் வேலை. எதிர்ச்சவ்வூடு பரவல் (RO) வடி வேண்டும், அல்லது உயிர்ப்பூட்டிய அலுமினா. உலக சுகாதார நிறுவன எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், இலங்கைத் தரம் 1.0. நம் வெக்கைக்கு ஆள் குடிக்கும் தண்ணீர் அதிகம். சின்ன எண்ணையே பிடியுங்கள்.

தெஹிவளை: எங்கள் கிணற்றிலிருந்தும் ஒரு போத்தல் தந்தால் வயது சொல்வீர்களா?

பிளாஸ்திக் போத்தலில் ஈலிய வயது கிடைக்காது. மழையோடு வரும் கதிர்வீசும் ஐதரசனான திரித்தியம் பார்க்கலாம், ஒரு லீற்றர் போதும், விளிம்புவரை நிரப்புங்கள். திரித்தியம் தெளிவாக இருந்தால் கடந்த சில பத்து வருட மழை அதில் கலந்திருக்கிறது. கபுக்குக்குக் கீழே உக்கிய பாறையில் நிற்கும் கிணறு பெரும்பாலும் அப்படித்தான் வரும். ஒரு நாள் வைத்து அடியில் செந்நிறப் படிவு கண்டால் பயப்படாதீர்கள்: ஒட்சிசன் இல்லாமல் கரைந்திருந்த இரும்பு காற்றைக் கண்டு துருவாகிறது. ஆனால் இரும்பு அளக்க அந்தப் போத்தலைத் தராதீர்கள், அடியில் படிந்த இரும்பு அறிக்கையில் வராது. அதற்கு வேறு போத்தலில் கிணற்றடியிலேயே வடித்து அமிலம் விட வேண்டும். லேபிளில் ஆழம், மோட்டர் எத்தனை மணி நேரம் ஓடியது, திகதி மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள், பேனை மை நனைந்தால் அழிந்துவிடும்.