பம்பர் முகத்தில் வைத்த ஷேக்கிள் காது விரிசல் விட்டால்

மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்க, ஷேக்கிளை (U வடிவ இரும்புக் கொக்கி) மாட்டும் துளையுள்ள இரும்புத் தகடுதான் ஷேக்கிள் காது. 6 மி.மீ. தகட்டில் செய்த பம்பரில் அது பக்கவாட்டில் இழுத்தபோது விரிசல் விட்டது என்று கேட்டிருந்தீர்கள். அதே இடத்தில் மறுபடி வெல்டிங் போடாதீர்கள். காதை வெட்டி எடுத்துவிட்டு, பம்பர் தகட்டில் துளை போட்டு, புதுக் காதைப் பின்பக்கம் வரை நுழைத்து இரு பக்கமும் வெல்டிங் செய்யுங்கள். பின்னால் நீளும் பகுதி சேஸிஸில் பூட்டும் பிராக்கெட்டோடு சேர வேண்டும்.

உங்கள் 6 மி.மீ. தகட்டின் முகத்தில் காதை ஒட்டவைத்ததுபோல் வெல்டிங் செய்ததுதான் காரணமாக இருக்கும். நேராக இழுத்தால் தாங்கிவிடும். நீங்கள் சொன்னபடி பக்கவாட்டில் இழுக்கும்போது வெல்டிங்கின் ஒரு முனை முதலில் உரிந்து, விரிசல் அங்கிருந்து ஓடும். முக்கால் அங்குல ஷேக்கிளுக்கு 25 மி.மீ. தடிமன் காது நன்றாகப் பொருந்தும். அந்த ஷேக்கிளின் குறுக்கு ஆணி (pin) சுமார் 22 மி.மீ. என்பதால் காதில் துளை 25 மி.மீ. போதும். துளையைச் சுற்றி குறைந்தது துளையின் விட்டம் அளவுக்காவது இரும்பு இருக்கட்டும், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அப்புறம் பம்பரைக் கழற்றி சேஸிஸ் போல்ட் துளைகளைப் பாருங்கள். முட்டை வடிவமாக நீண்டிருந்தால் காதை மட்டும் சரிசெய்து பயனில்லை, பிராக்கெட்டையும் மாற்ற வேண்டும். போல்ட் 8.8 தரத்துக்கு (போல்ட்டின் வலிமையைக் குறிக்கும் எண்) குறையக் கூடாது. பெயின்டில் மயிரிழைக் கோடு தெரிந்தால் சுரண்டிவிட்டு டை பெனட்ரன்ட் (விரிசலுக்குள் இறங்கி அதைக் காட்டும் சாயம்) அடித்துப் பாருங்கள்.

ஒன்று மட்டும்: கைனடிக் கயிற்றில் (ரப்பர்போல் நீண்டு சுருங்கும் இழுவைக் கயிறு) வண்டியை ஓடவிட்டு இழுக்கும்போது வரும் விசை வண்டியின் எடையையே தாண்டக்கூடும். பிய்ந்துபோன காது கயிற்றோடு பறந்து வந்து ஆளையே கொல்லும். வெல்டிங் தகட்டுக்குள் ஆழமாக இறங்கியதா என்ற சந்தேகம் இருந்தால், கனமான இரும்பில் பழகிய வெல்டரிடமே கொடுத்துவிடுங்கள்.