டீசல் எஞ்சினைப் பந்தயக் காரில் வைப்பது ஏன்?

"பட்டர்வொர்த்தில் கன்டெய்னர் லாரி இழுக்கிற டீசலுக்குப் பந்தயத்தில் என்ன வேலை?" பினாங்கில் கார் பேச்சு எடுத்தாலே இந்தக் கேள்வி வந்துவிடும்.

வேலை முறுக்குவிசைக்கு, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் பலத்துக்கு. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை அமுக்குகிற அமுக்கில் எழும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். அந்த அழுத்தத்தைத் தாங்க எஞ்சின் கனமாக இருக்க வேண்டும், ரொம்ப வேகமாகச் சுழலாது. ஆனால் டர்போ, அதாவது எஞ்சின் புகையின் வேகத்தில் சுழலும் காற்று விசிறி, உள்ளே காற்றைத் திணித்தால் குறைந்த சுழற்சியிலேயே பெரும் பலம் கிடைக்கும். ஆயர் ஈத்தாம் மேட்டில் இரண்டு சைக்கிள்காரர்கள்: ஒருவர் படபடவென்று மிதிக்கிறார், இன்னொருவர் நிதானமாக அழுத்தி மிதிக்கிறார். இரண்டாமவர்தான் டீசல்.

1952 இண்டியானாபோலிஸ் பந்தயத்தில் 6.6 லிட்டர் கம்மின்ஸ் டீசல் கார் முதலிடத்தில் நின்று புறப்பட்டது. பாவம், டயர் ரப்பர்த் துகள் டர்போ வாயை அடைத்துப் பாதியில் நின்றது. 2006 லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஆவ்டி ஆர்10, 5.5 லிட்டர் 12 சிலிண்டர் டீசலுடன் வென்றே விட்டது. ஒரு லிட்டரில் கூடுதல் தூரம் ஓடுவது இத்தகைய நீண்ட பந்தயத்தில் பெரிய லாபம்.

அப்புறம், கரும்புகை கக்கினால் பவர் அதிகம் என்று நம்ம பிக்கப் பையன்கள் நினைப்பது தப்பு. அது எரியாமல் வீணாகும் எண்ணெய்.