வண்டிப் பக்கம்: காருக்குள் தண்ணீர் எந்த வழியாக வருகிறது?

கேள்வி: 1998 மாடல் மாருதி 800 வைத்திருக்கிறேன். பாலாற்றில் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, ஐப்பசி பிறந்தால் என் வண்டிக்குள் தவறாமல் வந்துவிடுகிறது. இடப்பக்க முன்சீட்டுக் காலடியில் தேங்குகிறது. முன்கண்ணாடியைச் சுற்றி இரண்டு முறை சிலிகான் போட்டும் நிற்கவில்லை.
– வாசகர், குடியாத்தம்

பதில்: மூன்றாவது முறை போட்டுவிடாதீர்கள். தண்ணீர் சொட்டுகிற இடம் ஒன்று, நுழைகிற இடம் வேறொன்று. கண்ணாடி மூலையில் புகுந்த தண்ணீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் தகட்டோடு ஒட்டி இறங்கிக் காலடியில்தான் தலைகாட்டும்.

முதலில் மேட், கார்பெட், அடியிலிருக்கும் ஃபெல்ட் மூன்றையும் எடுத்து வெயிலில் போடுங்கள். ஃபெல்ட் காய இரண்டு நாளாவது ஆகும். வெறும் தகட்டின்மேல் செய்தித்தாளை விரித்து, ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும். இன்னொருவர் வெளியே ஓஸ் பைப்பில் மழைபோல மெதுவாகத் தண்ணீர் விடட்டும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கி கூடாது. அந்த அழுத்தத்துக்கு நல்ல ரப்பரே வழிவிடும்.

கீழிருந்து மேலே போவதுதான் முறை. சக்கர வளைவு, கதவின் அடிப்பகுதி, வைப்பருக்குக் கீழேயுள்ள பள்ளம், கண்ணாடியின் கீழ் மூலைகள், கடைசியில் மேல் விளிம்பு. ஒவ்வொன்றிலும் 5 நிமிடம். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து ஒன்றும் விளங்காது.

வைப்பர் பள்ளத்தை அலட்சியம் செய்யாதீர்கள். புளியமரத்தடியில் நிற்கிற வண்டி என்றால் என் முதல் சந்தேகம் அதன்மேல்தான். புளிய இலை பொடிசு. சல்லடை வழியே இறங்கி வடிகால் துளையை அடைத்துக்கொள்ளும். பள்ளம் தொட்டிபோல் நிறைந்து, காற்று வரும் வழியாக உள்ளே வழியும். குப்பையை அள்ளிவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உடனே வண்டிக்கு அடியில் வடிய வேண்டும்.

கண்ணாடி மூலைதான் ஒழுகுகிறது என்றால் ரப்பரை நகத்தால் அழுத்துங்கள். வேலூர்ப் பக்க வெயிலில் ரப்பர் இறுகிச் சுருங்கும். மூலையில்தான் முதலில் இடைவெளி விடும். அழுத்திய இடம் மீண்டு வந்தால் ரப்பரில் உயிர் இருக்கிறது. பழைய சிலிகானை முழுக்கச் சுரண்டி எடுங்கள். அதன்மேல் எதுவும் ஒட்டாது, உங்கள் இரண்டாவது பூச்சு தோற்றது அதனால்தான். பிறகு ரப்பர் உதட்டைப் பிளாஸ்டிக் கரண்டிக் காம்பால் நிமிர்த்தி, இறுகாத வகைக் கண்ணாடி சீலன்டை ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவிலும், ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவிலும் செலுத்துங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் வேண்டாம். அது காயும்போது விடும் அமிலம் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும்.

ரப்பர் கல்லாகிவிட்டாலோ, ஓரத்தில் பெயின்ட் கொப்பளித்திருந்தாலோ கண்ணாடியைக் கழற்றியே தீர வேண்டும். துருவைத் தகடு மின்னும்வரை தேய்த்து, பிரைமரும் பெயின்டும் அடித்துக் காய்ந்தபின் புது ரப்பர். டிங்கர், ரப்பரின் பள்ளத்தில் நைலான் கயிற்றைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவுவார். ஒருவர் வெளியே கண்ணாடியைத் தட்டிக்கொடுக்க, உள்ளிருந்து கயிற்றை இழுத்தால் உதடு தானே தகட்டில் ஏறிக்கொள்ளும்.

கேள்வி: மழையே இல்லை, சித்திரை வெயில். ஆனாலும் இடது காலடி ஈரம். திருப்பத்தில் தண்ணீர் காலில் கொட்டுகிறது.
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: ஏசியின் வடிகால் குழாய் அடைத்திருக்கிறது. ஏசியை 15 நிமிடம் ஓடவிட்டு வண்டிக்கு அடியில் பாருங்கள். சொட்டே இல்லை, உள்ளே மட்டும் ஈரம் என்றால் அதுதான். கீழிருந்து குழாயில் மெல்லக் காற்று ஊதினால் போதும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், கூலிங் காயில் ஓட்டையானால் செலவு பல மடங்கு. ஹீட்டர் உள்ள வண்டியானால் ஈரத்தை வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் அது என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்; ஹீட்டர் காயில் ஒழுகுகிறது.

கேள்வி: ஸ்பீக்கர் மாட்டிய பிறகு மாருதி ஆம்னி வேனில் கதவோரம் நனைகிறது. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கை மாற்றலாமா?
– வாசகர், ஆம்பூர்

பதில்: அவசரப்பட வேண்டாம். கதவுக்குள் தண்ணீர் போவது இயல்பு. கண்ணாடியோரம் இறங்கி, அடித் துளைகள் வழியே வெளியேறும். கதவின் உட்புறத்தை மூடும் அட்டையான டோர் பேடுக்குப் பின்னாலுள்ள பிளாஸ்டிக் தாள்தான் அதை உள்ளே விடாமல் தடுக்கிறது. ஸ்பீக்கர் மாட்டியவர்கள் அதைக் கிழித்திருப்பார்கள். தடித்த பாலிதீனை வெட்டி பியூட்டைல் டேப்பால் (பிசுபிசுப்பான ரப்பர் நாடா) ஒட்டுங்கள். கீழ் ஓரம் கதவின் கூட்டுக்குள் மடிந்திருக்க வேண்டும், டோர் பேடு பக்கம் தொங்கினால் தண்ணீர் நேராகக் கார்பெட்டுக்குத்தான் போகும். அடித் துளைகளில் மண் இருந்தால் ஈர்க்குச்சியால் நீக்குங்கள்.

அதன்பிறகும் சந்தேகம் என்றால் பீடிங்கில் முகப்பவுடர் தடவிக் கதவைச் சாத்தித் திறங்கள். சட்டத்தில் பவுடர் படியாத இடத்தில்தான் பீடிங் உட்காரவில்லை.